முதலாந் திகதி

முதலில் கண்ணாடியைத் துடைப்பார். நான் துடைத்துவிட்டுத்தான் நிற்பேன், அது அவருக்கும் தெரியும், ஆனாலும் துடைப்பார். கோட்டுப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்று வரும். போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மூடியைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியின் நான்கு மூலைகளையும் பல்லைக் கடித்தபடி தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் தாளை வைக்கலாம்.

"ஓரத்தை வெட்டிப் போடாதை. நடுவிலை எழுதுறது மேலதிகாரிக்குக் காட்ட. ஓரத்திலை பென்சிலாலை எழுதுறதுதான் நடந்தது."

ஒவ்வொரு செவ்வாயும், கடை திறக்கிற பத்து மணிக்கு. பதேர்ஸ்ற் வீதியில் ஒரு பேக்கரிக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த கொப்பிக் கடை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில், ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கிற வீட்டிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் பிடித்து நான் வந்து சேரும்போது அவர் கதவடியில் நிற்பார். பனி கொட்டினாலும் நிற்பார். குட்டை உருவம். தலையில் கட்டிய துணி. தைத்துத் தைத்து நுனி தட்டையாகிப்போன விரல்கள். ஸ்பெடைனா வீதித் தையல் தொழிற்சாலைகளில் முப்பத்தைந்து வருடம் கோட்டுகளுக்குக் கை பூட்டியவர். "உன்ரை மணிக்கூட்டை ஆர் வைச்சது?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார். நான் ஒருநாளும் பிந்தியதில்லை. மணிக்கூட்டை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆர் சொன்னது. ஆர் எழுதினது. ஆர் பார்த்தது. இந்த மூன்று கேள்விகளையும் மூன்று கற்களைப்போல மடியில் கட்டிக்கொண்டு ஒரு மனுசி ரொறன்ரோ முழுவதோடும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னேரம் பனி கொட்டுமாம்."

"ஆர் சொன்னது?"

"ரேடியோ."

"ரேடியோவுக்கு ஆர் சொன்னது?"

பக்கத்துப் பேக்கரிக் கண்ணாடியில் 'இன்று சுட்டது' என்று ஒரு அட்டை தொங்கும். உள்ளே போய்ப் பாணைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "உதை எழுதினவனைக் கூப்பிடு" என்பார். எழுதினவன் பேக்கரிக்காரன்தான். செவ்வாய்க்கிழமை பத்து மணியானால் அந்த மனிசன் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவான்.

நாங்கள் பேசியது ஆங்கிலம். அவருடைய ஆங்கிலத்தில் நாலு மொழிகளின் கல் கிடந்தது. என்னுடையதில் ஒரு மொழியின் மண். ஆனால் எனக்குள் அவருடைய குரல் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். கடையில் வேலைக்குத் தருகிற தாள்களை ஒரு உறையில் போட்டு, மேலே ஆளின் பெயரை எழுதி வைப்பது வழக்கம். முதல் நாள் நான் எழுதிய பெயரைத் தன் பேனையால் கடதாசி கிழியுமளவுக்கு வெட்டினார். "பட்டியலிலை என்ரை பேரை ஏத்தாதை. செவ்வாய்க்கிழமை எண்டு எழுது." அதற்குப் பிறகு கடையில் அவருக்கு அதுதான் பெயர்.

அவர் கொப்பி எடுத்தது, பழைய கோவைகளிலிருந்து வந்த தாள்களையும், தான் எழுதுகிற கடிதங்களையும். ஜெர்மனிக்கு, போலந்துக்கு, உக்ரைனுக்கு. அவருடைய ஊர் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தபடியே மூன்று நாடுகளுக்குப் போய்வந்த ஊர். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, ஐம்பது வருடம் பூட்டிக்கிடந்த ஆவண அறைகளை அங்கே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு அறை திறந்தது என்று கேள்விப்பட்டால் அடுத்த செவ்வாய் அந்த அறைக்கு ஒரு கடிதம் போகும். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி. என் அம்மாவை என்ன நாளில் கொன்றீர்கள். 'இறந்தார்' என்று ஒருதரமும் எழுதமாட்டார்.

நாள் ஏன் வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் யூதர். அவர்கள் வழக்கம் இது: இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும், அவர்களுடைய சந்திரக் கணக்கில் அந்த நாள் வரும்போது, பொழுதுபட ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் இருக்கிற திரி. அடுத்த நாள் பொழுதுபடும்வரை எரியும். எங்கள் திதிக்கும் அதே சந்திரன்தான். நாள் தெரியாவிட்டால்? ஆட்களைக் குழியின் விளிம்பில் நிறுத்திச் சுட்டவன் வீட்டுக்குத் தந்தி அடிப்பதில்லையே. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மதகுரு ஒரு நாளைக் குறித்துக் கொடுப்பார். அல்லது ஊர்ச்சங்கம் கூடி, எல்லாருக்குமாக ஒரு நாளை வைத்துக்கொள்ளும். அவருடைய ஊரவர்களும் ரொறன்ரோவில் சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு நாளும் வைத்திருந்தார்கள். அந்த நாளில் மண்டபம் நிறையத் திரிகள் எரியும். இவர் போகமாட்டார். ஐம்பது வருடமாகத் தன் தாய்க்கு ஒரு திரி ஏற்றாத மகள்.

ஒருநாள் அந்தச் சங்கத்து அம்மா ஒருவர் நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் கடைக்கு வந்தார். கம்பளித் தொப்பி, நல்ல கையுறை, கனிவான முகம். இவரும் நின்றார்.

"இந்த வருசமாவது வா. உன்ரை அம்மாவுக்கும் சேத்துத்தானே ஏத்துறம்."

"ஏத்தாதை."

"நாள் தெரியாட்டி எல்லாரோடையும் சேத்து ஏத்தலாம் எண்டு மதகுரு சொல்லியிருக்கிறார்."

"மதகுருவுக்கு ஆர் சொன்னது?"

"கடவுள் எண்டு வைச்சுக்கொள்ளன்."

"அவர் அண்டைக்கு அங்கை நிண்டவரே? நிண்டவர் எண்டால் நாளைச் சொல்லட்டும்."

தொப்பிக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், பாவம் பார்க்கிற சிரிப்பு. "செத்ததுகளைச் சாகவிடமாட்டா இவ," என்றார் மெதுவாக. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு திரிதானே?

அவருக்குக் காது நல்ல கூர்மை. "அடி," என்றார் என்னிடம். "அவவின்ரை கடதாசியைக் கறுப்பாய் அடி. பொய்யெண்டாலும் சனம் வாசிக்கத்தானே வேணும்."

கோபம் என்பது வந்து போவது என்று நான் நினைத்திருந்தேன், காய்ச்சலைப்போல. அவருக்கு அது எலும்பு. அதில்தான் நிமிர்ந்து நின்றார். கருணையோடு யாராவது கையைப் பிடித்தால் பிடுங்கிக்கொள்வார். ஒருமுறை, படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவருடைய கதையைத் தரும்படி கேட்டாள். "கதையில்லை. முகவரி தாறன். செய்தவங்களைப் போய்க் கேள். அவங்கள் இன்னும் சாகேல்லை, பென்சன் எடுக்கிறாங்கள்." பிள்ளை அழுதுகொண்டு போனாள். இவர் ஒரு முள்ளங்கியை எடுத்துக் கடித்தார். மத்தியானச் சாப்பாடு அதுதான், முள்ளங்கியும் கறுத்தப் பாணும். எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தருவார். நன்றி சொன்னால் முறைப்பார்.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டிலும் ஒரு நாள் தொலைந்து கிடந்தது.

என் தம்பி. கனடாவுக்கு வரப் புறப்பட்டவன். நான் செய்த ஏற்பாடு. கொழும்புக்கு வருகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கினார்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு பெரியவர் அவனுடைய பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பை வந்தது. ஆள் வரவில்லை. அம்மா அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார்; மற்றத் தாய்மாரோடு வெயிலில் நின்றார். அதற்குப் பிறகு எட்டு வருடம், ஒரு செய்தியும் இல்லை.

அஜின்கோர்ட்டில் இருந்த என் தங்கைக்கு வேறு கவலைகள். புருசனுக்கு வேலை போனது. மூத்த பிள்ளைக்கு மாறி மாறிக் காய்ச்சலும் வருத்தமும். சாத்திரி குறிப்பைப் பார்த்துவிட்டு, செத்த ஆளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று சொன்னாராம். அப்பா இல்லாத வீட்டில் அந்தியேட்டியும் திதியும் செய்யவேண்டியவன் நான். ஒவ்வொரு கிழமையும் போன் வரும்.

"அண்ணா, ஐயரிட்டைக் கேட்டனான். திகதி ஒண்டு இருந்தால் காணுமாம். திதியை அவர் பாத்துச் சொல்லுவாராம்."

"திகதி ஆருக்குத் தெரியும்?"

"உங்கடை கேஸ் பேப்பரிலை ஒண்டு கிடக்குத்தானே."

கிடந்தது. நான் போட்டதுதான்.

அகதிக் கோரிக்கைக்காக என் கதையை எழுதிய நாளில், லோயரின் கந்தோரில் மொழிபெயர்க்கிற அண்ணை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, காணேல்லை எண்டு எழுதினால் நூறு கேள்வி வரும். தேடினனியோ, எங்கை தேடினனி, எண்டு குடைவாங்கள். செத்திட்டான் எண்டு போடுவம். திகதி ஒண்டு சொல்லு. மறக்காத திகதியாய்ச் சொல்லு." வைகாசி பதினைந்து என்றேன். மே மாதத்தின் நடு, மறக்காது. விசாரணையில் இரண்டுதரம் கேட்டார்கள். இரண்டுதரமும் தடக்காமல் சொன்னேன். என்னை இருக்கவிட்டார்கள். தம்பியைக் கொன்று நான் வாங்கிய நாடு இது. இதை அப்போது ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய், தங்கையின் போனை வைத்த கையோடு, மனம் கொதித்துக்கொண்டிருந்ததால், அவரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். பாதியை மட்டும். தங்கை திதி செய்யச் சொல்கிறாள் என்பதை மட்டும். "உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்டுதான்," என்று முடித்தேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன் போலும்.

"ஒண்டில்லை," என்றார். "என்ரையை எடுத்து உன்ரையிலை ஒட்டாதை. உன்ரையை என்னட்டைத் தள்ளாதை. உன்ரை தம்பி செத்தவனே?"

"தெரியேல்லை."

"பிறகென்ன நாள்?"

"தங்கச்சிக்கு மனம் ஆறவேணும். ஒரு நாளை வைச்சால்…"

"செய்தவன் நாள் சொல்லேல்லை. அவன் வாய் திறக்கேல்லை. அவன் எழுதாமல் விட்டதை நீ ஏன் எழுதிக் குடுக்கிறாய்? அவனுக்கு நீ என்ன கிளாக்கரே?"

கடையில் நின்ற வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. இந்த மனுசிக்கு என்ன உரிமை? தன் தாயையே ஐம்பது வருடமாக இருட்டில் நிறுத்திவைத்திருக்கிற ஆள். வாய்வரை வந்தது. அந்த வைகாசி பதினைந்து நெஞ்சுக்குள் கிடந்து குத்தியதால் விழுங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்தார். வியாழன் அவருடைய நாள் இல்லை. கண்ணாடியைத் துடைக்கவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்ரூலில் இருந்துகொண்டு ஒரு நீல உறையை நீட்டினார். "படி."

ஜெர்மனியில், போரில் காணாமற்போனவர்களைத் தேடுகிற ஒரு அலுவலகத்தின் கடிதம். தாயின் பெயர், பிறந்த வருடம், ஊர் எல்லாம் சரியாக இருந்தது. கீழே ஒரு வரி. இறந்த நாள்: ஒரு நவம்பரின், எங்கள் கார்த்திகையின், முதலாந் திகதி. ஆதாரம்: ஆவணக் கோவையில் உள்ள வாக்குமூலம்.

"கிடைச்சிட்டுது," என்றேன். சந்தோசத்தில் அவருடைய தோளைத் தொடக்கூடப் போனேன்.

"கேள்," என்றார்.

"என்னத்தை?"

"நான் எல்லாரையும் கேக்கிறதை என்னட்டைக் கேள்."

விளங்க நேரமெடுத்தது. "ஆர் எழுதினது?"

"நான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை, நின்றபடியே கேட்டேன். அவருக்குப் பதினொரு வயது. தகப்பனை ஊர்ச் சந்தியில் வைத்துச் சுட்டது அவர் கண்ணால் பார்த்தது, அதில் சந்தேகமில்லை. தாய் இவரை ஊருக்கு வெளியே ஒரு கமக்காரனின் வைக்கோல் பரணில் ஏற்றிவிட்டு, சின்னத் தம்பியைக் கூட்டிவரத் திரும்பிப் போனாள். "இருட்ட முதல் வந்திடுவன்" என்றாளாம். வரவில்லை. எங்கே பிடித்தார்கள், பிடித்தார்களா, எப்போது, ஒன்றும் தெரியாது. போர் முடிந்து, ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது, தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளைக் கனடா எடுக்கிறது என்று கதை வந்தது. வரிசையில் நின்றார். மேசைக்காரி தகப்பனைப் பற்றிக் கேட்டு எழுதினாள். தாய்? போனவ, வரேல்லை. அப்படியென்றால் நீ அநாதை இல்லை, அடுத்த ஆள் வா என்றாள். வரிசையில் பின்னால் நின்ற சிநேகிதி காதுக்குள் சொல்லிக்கொடுத்தாள். செத்திட்டா எண்டு சொல்லு. நாளையும் சொல்லு.

"திரும்பவும் போய் நிண்டன். முதலாந் திகதி எண்டன். முதலாந் திகதியை ஆரும் மறக்கமாட்டினம். மூண்டு அறையிலை கேட்டவை. மூண்டு அறையிலையும், மூண்டு தரம், என்ரை அம்மாவைச் சாகடிச்சன். கப்பல் ஏறினன்."

அவருடைய குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஐம்பது வருசம் உலகம் முழுக்கக் கடிதம் போட்டன். என்ரை பொய்யை முத்திரை குத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாங்கள். மற்றத் தாள்களையும் பார்."

உறைக்குள் இன்னும் சில தாள்கள் இருந்தன. பழைய கடிதங்களின் கொப்பிகள். ஆர்ஜென்ரீனாவிலிருந்து ஒரு மனிதர், ஐம்பதுகளில், தன் அக்காவைத் தேடி அதே அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அவருடைய அக்கா இவருடைய தாய். இவருக்கு அப்படி ஒரு மாமன் உயிரோடு இருந்ததே தெரியாது. அலுவலகம் அவருக்குப் பதில் எழுதியிருந்தது: அக்கா இன்ன வருடம் கார்த்திகை முதலாந் திகதி இறந்துவிட்டார். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் கேட்டது அக்காவைப் பற்றி மட்டும். மனிதர் நன்றி எழுதிவிட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டார்.

"அவன் தேடிக்கொண்டு வந்திருந்தால் என்னட்டை வந்து சேர்ந்திருப்பான். என்ரை திகதி அவனை மறிச்சிட்டுது."

பிறகு அந்த விலாசத்துக்கு எழுதிப் பார்த்தார். மாமனின் மகள் பதில் போட்டிருந்தாள். அப்பா செத்து ஆறு வருடம். சாகும்வரை ஒவ்வொரு வருடமும் அக்காவுக்குத் திரி ஏற்றினார், முதலாந் திகதிக்குச் சந்திரக் கணக்கில் வருகிற அந்த நாளில், ஒரு வருடமும் தவறாமல். இதை வாசித்துக் காட்டிய செவ்வாயன்று அவர் இயந்திரத்தின் மூடியை அடித்து மூடிய சத்தத்துக்கு, பேக்கரிக்காரன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டினான்.

அவர் அழவில்லை. அலுவலகத்துக்கு எழுதினார். அந்தத் திகதி பொய், சொன்னது நான், வெட்டுங்கள். மிகவும் மரியாதையான பதில் வந்தது: ஆதாரமில்லாமல் பதிவுகளை மாற்றமுடியாது. "பொய் சொல்ல ஆதாரம் கேக்கேல்லை," என்று கடை அதிரக் கத்தினார். "பொய்யெண்டு சொல்ல ஆதாரம் வேணுமாம்." பத்துக் கடிதத்துக்குப் பிறகு இறங்கி வந்தார்கள். சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும். தான் பொய் சொன்னதாக அவர் கையெழுத்திட வேண்டும். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர், பெயர் விலாசம் எல்லாம் எழுதி, சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். பேனையையும் வைத்தார்.

நான் பயந்தது முதலில் அவருக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன். "பொய் சொல்லி இந்த நாட்டுக்கு வந்தனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறியள். பிரச்சினை வராதே?"

"அனுப்பட்டும். எங்கை அனுப்புவாங்கள்? நான் வந்த நாடு இப்ப இல்லை." அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். "போடு கையெழுத்தை."

"ஏலாது."

"ஏன்?"

"எனக்குச் சிற்றிசன் பேப்பர் போட்டிருக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும். மொழிபெயர்க்கிற அண்ணை, வைகாசி பதினைந்து, தடக்காமல் சொன்ன இரண்டு தரம். ஒரு பொய்க் கடதாசிக்குப் பக்கத்தில் என் பெயர் வந்தால் என் கோவையை யாராவது திறந்து பார்ப்பார்கள் என்ற பயம். அவர் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பதினைஞ்சு?"

"மறக்காது."

"ஓம்," என்றார். பிறகு பழைய குரல் வந்தது. "நாளைக்கு ஆரும் உன்ரை தம்பியைத் தேடிக்கொண்டு வந்தால் அந்தப் பேப்பர் என்ன சொல்லும்?"

நான் பேனையை அவர் பக்கம் தள்ளினேன்.

"உன்ரை அம்மா இன்னும் தேடுறா எண்டனி. அவவுக்கு அந்தப் பேப்பர் என்ன சொல்லும்? போய்ச் சரிக்கட்டு."

"ஏலாது எண்டுறன்."

"ஏலாது எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

கடதாசியை மடித்தார். பேனையை மூடினார். பக்கத்துப் பேக்கரிக்குள் போனார். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டால் ஒளிகிற அந்த மனிசன், மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவனுக்கும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த கதை இருந்திருக்கும். ஆனாலும் போட்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் காது சுடுகிறது.

கோடையில் பதில் வந்தது. திகதியை வெட்டிவிட்டார்கள். இறந்த நாள்: தெரியவில்லை. அந்தத் தாளை அவர் நாற்பது கொப்பி எடுத்தார், ஊர்ச்சங்கத்தில் இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று. என்னைக்கொண்டு எடுக்கவில்லை. என்னோடு வேலை செய்த பிலிப்பினோப் பெண்ணிடம் கொடுத்தார். "கறுப்பாய்," என்றார். நான் ஸ்ரேப்பிளரைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். போகும்போது கதவடியில் திரும்பி, "ஒண்டுமில்லை எண்டு எழுத வைச்சிட்டன்," என்றார். எனக்குச் சொன்னாரா, வீதிக்குச் சொன்னாரா தெரியாது. வெற்றி என்று அந்த முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பொய்யாவது எரிந்துகொண்டிருந்த இடத்தில் இனி அதுவுமில்லை. ஆனால் அந்த இடத்தைத் தானே பார்த்துக்கொண்டு நிற்பேன் என்கிற ஒரு நிற்பு அது. பிறகும் செவ்வாய்களில் வந்தார். என்னிடம் ஒரு தாள்கூடத் தரவில்லை.

ஆவணி அமாவாசையில் நான் திதி செய்தேன்; விட்டுப்போன திதியை அமாவாசையில் செய்யலாமாம். ஸ்காபரோவில் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்து வைத்திருந்த கோயில். ஐயர் தர்ப்பையைத் திரித்து என் விரலில் போட்டுவிட்டு, "காலமான திகதி?" என்று கேட்டார். வைகாசி பதினைஞ்சு என்றேன். நாக்கு அவ்வளவு பழகியிருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதியைச் சொல்லி, தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். தங்கை சேலைத் தலைப்பை வாயில் அமத்தி அழுதாள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் வைத்துத் தங்கையிடம் சொன்னேன். "அந்தத் திகதி பொய். நான் போட்டது."

"தெரியும் அண்ணா."

"தெரிஞ்சுகொண்டே செய்வித்தனி?"

"என்ரை கேஸுக்கும் அந்த அண்ணைதான் எழுதினவர். உங்கடையைப் பாத்து நானும் பதினைஞ்செண்டுதான் சொன்னனான். மாறிச் சொன்னால் உங்களுக்குத்தானே கரைச்சல்." மூக்கைச் சிந்தினாள். "எனக்கு அவனுக்காக அழ ஒரு நாள் வேணும். மற்ற நாள் முழுக்கப் பிள்ளையளுக்குச் சமைக்க வேணும், வேலைக்குப் போக வேணும். உங்கடை அந்தக் கிழவிக்குச் சமைக்கப் பிள்ளையள் இருந்ததே?"

அவள்மேல் வந்த கோபம் அவளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி என்மேலேயே விழுந்தது.

அன்றிரவே அம்மா போனில் பேசினார். ஒரு முகாமிலிருந்து விடுபட்டு வந்த பொடியன் ஒருவனிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். இப்படி ஒருவனைக் கண்ட மாதிரிக் கிடக்கு என்று சொன்னானாம். "நெற்றியிலை தழும்பு இருந்ததோ எண்டு கேட்டனான் மோன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டவன்." நான் "ம்" என்றேன். விரல் மடிப்பில் எள் ஒட்டிக்கிடந்தது. "ம்" என்றேன்.

கொப்பிக் கடையைத் தொண்ணூற்றொன்பதில் மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வந்த அவரைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்திருப்பதாகப் பேக்கரிக்காரன் சொன்னான். அங்கேயும் மருந்துச் சீட்டை ஆர் எழுதினது என்று தாதிமாரோடு சண்டையாம். விலாசமும் தந்தான். நான் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணமும் சொல்லமாட்டேன்; சொன்னால் அது அழகாக இருக்கும். என் அம்மா தம்பியின் படத்தோடேயே இருந்து, படத்தோடேயே போனார். அவர் போன நாள் எனக்குத் தெரியும். அதற்குக் கடதாசி உண்டு.

இனி எழுதுகிறேன். சாட்சிக்கு ஆளில்லை.

என் தம்பி வைகாசி பதினைந்தாம் திகதி சாகவில்லை. அந்தத் திகதியைச் சொன்னது நான். இந்த நாட்டுக் கோவை ஒன்றிலும், என் தங்கையின் கோவையிலும், ஒரு ஐயரின் கொப்பியிலும் அது கிடக்கிறது. மூன்று இடத்திலும் பொய். அவனை என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவடியில் நின்றவன் இருக்கிறான், அவனுக்குக் கட்டளை கொடுத்தவன் இருக்கிறான், கையெழுத்து வைத்தவன் இருக்கிறான். பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். அந்த நாளை அவன் சொல்லட்டும்.